முதல் முடிக்கற்றை

எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. பல வருஷம் கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்தும் ஒரு குடை ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தால் அவர்களை ஏற்றிவிட்டுக் கீழே நின்று கையசைப்பேன். கீழே நிற்கவும் ஆள் வேண்டும் இல்லையா.

சாப்பிடுங்கள், கஞ்சி ஆறிவிட்டால் நன்றாக இருக்காது. சோன்புரியிலிருந்து இருட்டோடு கிளம்பியிருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் பூங்காவின் நீர்ச்சறுக்கில் நடந்த விபத்தைச் செய்தியில் பார்த்தேன். உங்கள் முதலாளி என்ன கேட்டுவரச் சொல்லி அனுப்பினார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. கெட்ட பெயரிலிருந்து ஒரு பூங்கா எப்படி மீள்வது என்றுதானே? கோராட்டில் எங்கள் விண்மீன் பூங்கா மீண்ட கதையை வைத்து என்னைப் பற்றி இந்தத் தொழிலில் பலர் உயர்வாகப் பேசுகிறார்கள். முழுக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் இன்று அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள், வெளியே போய்ச் சொல்ல மாட்டீர்கள்.

எங்களிடம் மேக ரதம் என்று ஒரு ரயில் இருந்தது. தலைகீழாகச் சுற்றிவரும் வகை. பழுது பார்த்து, புதிதாகச் சாயம் பூசி, ஒரு சாயங்காலம் மறுபடி திறந்தோம். ஊர் ஊராகச் சுற்றி இணையத்தில் வீடியோ போடும் ஒரு பிரபலமான பையன் கேமராக்காரர்களோடு வந்திருந்தான். மற்ற இருக்கைகள் காலியாகத் தெரியக் கூடாது என்று நர்ஸிங் கல்லூரிப் பெண்களை அழைத்திருந்தோம். மூன்றாவது பெட்டியில் கேவ் என்ற பெண் உட்கார்ந்தாள். அவள் அம்மா மாலி பஸ் நிலையத்துக்கு எதிரே சுட்ட கோழி விற்கிறவள்.

இருக்கையை அழுத்திப் பிடிக்கும் கம்பி சரியாகப் பூட்டிக்கொண்டால் இயக்குகிறவனின் மேசையில் அந்தப் பெட்டிக்கான விளக்கு எரியும். அன்று மூன்றாவது பெட்டியின் விளக்கு எரியவில்லை. எரியாமலே தாவீ பட்டனை அழுத்தினான். போலீஸ் அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது, அது உண்மையும்கூட. அவன் ஏன் அழுத்தினான் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பெண் எப்படி விழுந்தாள் என்று சொல்லப் போவதில்லை. நான் கீழே நின்றிருந்தேன் என்பது போதும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். வக்கீல் எழுதிக் கொடுத்த அறிக்கையை எங்கள் இணையப் பக்கத்தில் வெளியிட்டோம். அதில் 'துரதிருஷ்டவசமான நிகழ்வு' என்று இருந்தது. அதன் கீழே ஒருத்தி எழுதினாள்: "கோழி விக்கிறவ பொண்ணு செத்தா துரதிருஷ்டமா? உங்க முதலாளி பொண்ணு செத்திருந்தா என்னன்னு சொல்லியிருப்பீங்க?" பிறகு ஒன்பது பௌத்தத் துறவிகளை அழைத்துப் பூங்கா வாசலில் ஓதச் செய்தோம். "பூட்டைத் திறந்தது பேய்தான்னு கண்டுபிடிச்சுட்டாங்கப்பா" என்று சிரித்தார்கள். முதலாளியின் மைத்துனர் யோசனைப்படி உள்ளூர்க்காரர்களுக்குப் பாதி விலையில் சீட்டு அறிவித்தோம். அன்று வந்த வசவுகளை உட்கார்ந்து படித்திருந்தால் எனக்கு வேலையே ஓடியிருக்காது. மாலி வீட்டுக்கு அனுப்பிய மலர்வளையத்தை அவள் தெருவில் வீசினாள். கம்பெனி பெயர் எழுதிய நாடா சாக்கடையில் கிடந்ததை யாரோ படம் எடுத்துப் போட்டார்கள்.

பூங்காவை நம்பி நானூறு குடும்பங்கள் பிழைத்தன. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். டிக்கெட் கிழிக்கிறவர்கள், கழிவறை கழுவுகிறவர்கள், பஞ்சு மிட்டாய் சுற்றுகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்தப் பூங்காவை விட்டால் வேறு வாழ்க்கை இல்லை. கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரம் இருந்ததில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். ஜனங்கள் உண்மையைக் கேட்கவில்லை. ஒரு தலை குனிவதைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். இயந்திரத்தால் குனிய முடியாது, கம்பெனிக்குத் தலை கிடையாது, முதலாளி குனிந்தால் நடிக்கிறான் என்பார்கள். குனிகிறவன் ஏழையாக இருக்க வேண்டும், உண்மையாகவே அழ வேண்டும். தாவீ அந்த நாட்களில் அழுதுகொண்டேதான் இருந்தான்.

அவன் எங்கள் ஊர்க்காரன். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முப்பது வயது தாண்டியும் அவன் சில நாளுக்குக்கூடத் துறவு பூண்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் போகிறேன் போகிறேன் என்று சொல்லி வேலை வேலை என்றே இருந்துவிட்டான். நம் பக்கத்துத் தாய்மார்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மகன் பதினைந்து நாளாவது காவி கட்டினால்தான் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு தாங்களும் மேலே போகலாம் என்று காத்திருப்பவர்கள். அவன் அம்மா பூன்சோம் என்னைப் பார்க்கும் போதெல்லாம், "உங்க பேச்சைக் கேப்பான், நீங்க சொல்லக் கூடாதா சிரின்?" என்பாள்.

இறந்தவர்களின் உடலைப் பல நாள் வைத்திருந்து எரியூட்டும் நாளில் அவர்களுக்காக ஒருவர் துறவு பூணுவது நம் வழக்கம்தானே. வழக்கமாகப் பேரனோ தம்பியோ செய்வான். கேவ் ஒரே பிள்ளை, அப்பா இல்லை. அவளுக்காகத் துறவு பூண ஆண் துணை யாரும் இல்லை.

நான் அவன் வீட்டுக்குப் போனபோது தாவீ பாயில் சுருண்டு கிடந்தான். மனைவி அரியா வயிற்றில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான்.

"அக்கா, போலீஸ்ல எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"எல்லாத்தையும்னா?"

என்னை ஒருதடவை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நடந்ததை."

"விளக்கு எரியலைன்னு யாருக்குத் தெரிஞ்சுது, தாவீ?"

"எனக்குத்தான் அக்கா."

"பட்டன் மேல இருந்தது யார் கை?"

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய். போலீஸ் ஸ்டேஷன் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றேன்.

மீதியை அவன் அம்மா பார்த்துக்கொண்டாள். துக்கத்திலும் சந்தோஷத்திலும் மாறி மாறி அழுதாள். தன் சந்தோஷத்துக்கு வெட்கப்பட்டு, அதற்காகவும் கொஞ்சம் அழுதாள். அரியாதான் கேட்டாள், "எத்தனை நாள்க்கா?"

"பதினஞ்சு நாள். குழந்தை பொறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவார்."

"சத்தியமா?"

"நான் எப்பவாவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா?" என்றேன். அன்றுவரை சொன்னதில்லை.

எரியூட்டும் நாளில் கம்பெனி ஆட்கள் யாரும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் வெள்ளை உடுத்தி, அம்மாவோடு கால்நடையாகக் கோயிலுக்கு வந்தான். நான் ஊர்க்காரியாகக் கூட வந்தேன், சாதாரணக் கறுப்பு உடையில். அவன் மாலியின் முன் மண்டியிட்டு, பூவும் பத்தியும் வைத்த தட்டை நீட்டினான். மாலி அதைத் தட்டிவிட்டாள். செருப்பைக் கழற்றி அவன் தோளில் அடித்தாள். "என் பொண்ணைக் கொண்டா, என் பொண்ணைக் கொண்டா" என்று அடித்தாள். அவன் நகரவில்லை. கை ஓய்ந்ததும் அவளே அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பூக்களைப் பொறுக்கித் தட்டில் திரும்ப வைத்தது நான்தான்.

பிறகு முடி எடுக்கும் சடங்கு. தாய்தான் முதல் கற்றையை வெட்ட வேண்டும். பூன்சோம் வெட்டித் தாமரை இலையில் வைத்தாள். அடுத்ததாகக் கத்தரிக்கோலை வாங்கி மாலியின் கையில் கொடுத்தேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, நானேகூட முன்பே தீர்மானித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவன் கழுத்தில் இறக்கிவிடுவாளோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் குனிந்து ஒரு கற்றையை வெட்டினாள். அந்த நிமிஷத்தைப் படம் எடுக்கக் கூட்டத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தேன்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நாடே பார்த்தது. அதன் பிறகு புருவத்தையும் மழித்த அவன் முகத்தின் படம் வந்தது. புருவம் இல்லாத முகத்தை வெறுப்பது கடினம். மறுநாள் எங்கள் பக்கத்தில் வசவு எழுதியவர்களே வாழ்த்து எழுதினார்கள். "தப்பு பண்ணவன் இப்படிப் பண்ணணும்டா, பாத்துக் கத்துக்கங்க" என்று ஒருவர். "கம்பெனி மேல கோவம் இருந்துச்சு, இந்தத் தம்பியப் பாத்ததும் போயிடுச்சு" என்று இன்னொருவர். தப்பு செய்தவன் யார் என்று நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நீங்களும் எதையும் சொல்லாதீர்கள்.

அன்று எனக்கு ஒரு விசித்திரமான பொறாமை வந்தது. மாலி அவனை மன்னித்துவிட்டாள். மழித்த தலையோடு அவன் உட்கார்ந்திருந்ததில் ஒரு குளிர்ச்சி தெரிந்தது. என் தலையில் யாரும் கை வைக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இது தொழிலுக்குத் தேவையில்லாத விஷயம், விடுங்கள்.

போலீஸ் வருவதற்கு முன்னால் நான் கோயிலுக்குப் போனேன். அவன் இப்போது சாமி, நான் தரையில் கீழே உட்கார்ந்துதான் பேச வேண்டும். என்னைப் பார்த்து, "நான் இப்போ பொய் சொல்லக் கூடாது" என்றான். பயந்த குரல்.

"யார் சாமி உங்களைப் பொய் சொல்லச் சொன்னது? கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க. கேக்காததை இழுத்து ஏன் இன்னொருத்தர் மனசை நோகடிக்கணும்? காவி கட்டினவங்க வாயால இன்னொருத்தர் மேல பழி வரலாமா?"

சரி என்று தலையசைத்தான். நல்லவர்களிடம் பேசுவது சுலபம். நல்லதை எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரி மரியாதை தெரிந்தவர். தொப்பியைக் கழற்றி, மூன்று முறை விழுந்து வணங்கிவிட்டுத் தரையில் அமர்ந்தார். நான் சற்றுத் தள்ளி, தூணோரமாக உட்கார்ந்திருந்தேன்.

"சாமி, விளக்கு எரியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பட்டனை அழுத்தினது நீங்கதானா?"

"என் கைதான்."

"மன்னிச்சுக்கணும் சாமி, கேக்க வேண்டியது என் கடமை" என்று சொல்லி மறுபடி வணங்கி எழுந்துவிட்டார். துறவியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. அவர் வாயிலிருந்து வந்ததற்கு மேல் சாட்சி எதற்கு? அந்த அதிகாரி பூங்காவின் மற்ற அறைகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நீதிமன்றமும் கருணையாக நடந்துகொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், வருந்தினார், தாயே மன்னித்துவிட்டார் என்று தண்டனையை நிறுத்தி வைத்தது. அவன் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. நான் அவனுக்குக் கெடுதல் செய்தேன் என்று உங்களுக்குத் தோன்றினால் இதையும் சேர்த்து எடை போடுங்கள்.

பூங்காவை மறுபடி திறந்தோம். மேக ரதத்தைப் பிரித்து, அந்த இடத்தில் கேவ் பெயரில் மல்லிகைத் தோட்டம் போட்டோம். கூட்டம் வந்தது. குடும்பம் குடும்பமாக வந்து தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு மற்ற ராட்டினங்களில் ஏறினார்கள். நானூறு குடும்பங்களும் தப்பித்தன.

பதினைந்து நாள் முடிந்தபோது திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அவன் காவியைக் களைந்தால் மொத்தமும் நாடகம் என்பார்கள். அதனால் திறப்பு விழா வரை இருக்கச் சொன்னேன். பிறகு மழைக்காலம் வந்தது. மழைக்காலம் முடியும்வரை கோயிலில் இருந்தால் புண்ணியம் முழுமையாகும் என்று பூன்சோமிடம் சொன்னேன், அவள் அவனிடம் சொன்னாள். நடுவில் அரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். காவி கட்டியவர் பெண்ணைத் தொடக் கூடாது, பெற்ற பெண்ணே ஆனாலும். தொலைவில் பாயில் கிடத்திக் காட்டியிருக்கிறாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

மழைக்காலம் முடிந்தது. அதன் பிறகு நான் எதுவும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவனே வர மறுத்துவிட்டான். இன்னொருத்தி பிள்ளையைக் கொன்ற கையால் தன் பிள்ளையைத் தூக்க உரிமை இல்லை என்று சொன்னானாம். இது என் திட்டத்தில் இருந்ததில்லை.

அரியா ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க."

"கேளு."

"அது நடந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் மடியில விழுந்து அழுதார். வாக்கி-டாக்கி ரேடியோல கேட்டேன், அனுப்புன்னு சொன்னாங்க, அதான் அழுத்தினேன்னு சொன்னார். யார் சொன்னதுன்னு கேட்டேன், சொல்லலை. இப்போ கேட்டா, அழுத்தினது என் கைன்னு மட்டும் சொல்றார். வேற ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. யாரோ சொல்லித்தான் செஞ்சார்னு ஒருத்தர் வந்து அவர்கிட்ட சொன்னாப் போதும்க்கா, வீட்டுக்கு வந்துடுவார். யார் மேலயும் கேஸ் போட மாட்டேன். புத்தர் மேல ஆணை. எனக்கு அவர் வந்தாப் போதும். யாருக்கா சொன்னது?"

குழந்தை விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அதற்குத் தாவீயின் முகம். புருவம் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"சாமி என் கைன்னு சொல்றாரா?" என்றேன்.

"ஆமா."

"காவி கட்டினவர் பொய் சொல்லுவாரா, அரியா? அவர் சொன்னதை நான் எப்படி மறுத்துப் பேசறது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். கத்தவில்லை, சபிக்கவில்லை. வயதில் மூத்தவள் என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த ரேடியோ அலைவரிசையில் நானும் தாவீயும் மட்டுமே இருந்தோம். "அக்கா, மூணாவது பெட்டி விளக்கு எரியலை. உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, ஒருதடவை எல்லாரையும் இறக்கிப் பார்த்துட்டு அனுப்பட்டுமா?" என்று கேட்டான். சிரமம் இல்லையென்றால் என்று நம் நாட்டில் ஒருவன் மேலதிகாரியிடம் கேட்டால் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபத்து, நிறுத்துங்கள் என்று பொருள். அவனால் அதைவிட உரக்கச் சொல்ல முடியாது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராக்காரன், இந்த வெளிச்சம் போனால் படம் வராது என்று என் காதோரம் நச்சரித்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், "அனுப்பு, தாவீ." அவன் மறுபடியும், "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டான். "அனுப்புன்னு சொன்னேன்ல" என்றேன். அவன் அனுப்பினான். கேவை நான்தான் கொன்றேன். பட்டன் அவன் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் அவள் இறந்த நாளில் கம்பெனி சார்பில் அவனுக்குப் பிச்சையிடப் போவோம். இப்போது என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, எல்லோரையும்போல் தாயே என்கிறான். மாலியும் வருகிறாள். அவன் பாத்திரத்தில் தினமும் சோறு போடுவதே அவள்தான், தன் பிள்ளை என்கிறாள். போன வருஷம் மற்றவர்கள் எழுந்து போன பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "யாராவது கேட்டா சொல்லுவேன், தாயே. கேக்காததைச் சொல்ல மாட்டேன்." நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான். குற்றம் சாட்டினானா, தைரியம் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வணங்கிவிட்டு வந்தேன். அவன் ஆசி சொன்னால் எனக்குக் கொஞ்ச நாள் நன்றாகத் தூக்கம் வருகிறது. வராத நாட்களில் வலது கைக் கட்டைவிரல் தானாக மடங்கும், ரேடியோவில் பேசும்போது அழுத்துவதுபோல. டாக்டர் நரம்பு என்கிறார்.

என்ன, கஞ்சி அப்படியே இருக்கிறதே. என்னை அப்படிப் பார்க்காதீர்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. எல்லோரும் மனமார, அழுதுகொண்டே செய்தார்கள். நம் ஜனங்களின் நல்ல மனசு இருக்கிறதே, அதை நம்பித்தான் எல்லாம் நடந்தது. அந்தச் சறுக்கைத் திறந்துவிடச் சொன்னது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு விவரம் மட்டும் தெரிந்தால் போதும்.

சறுக்கின் கதவைத் திறந்துவிட்ட பையனுக்கு அம்மா இருக்கிறாளா?